கடைச் சாவியை ஊரிடம் கொடுத்த கிழமை

சின்ன ஊர்களில் கடை எடுக்கப் போகும் பிள்ளைகள் இப்போது என்னிடம் வந்து யோசனை கேட்கிறார்கள். அதற்கென்றே மெல்பேர்ன் ஓரத்துக் கிரெய்கிபர்னில் மகன் வீட்டு முன்னறையில் கதிரை கூட்டிப் போட்டிருக்கிறேன். வருகிறவர்கள் மடிக்கணினியோடு வருகிறார்கள். ஊரில் எத்தனை குடும்பம், பக்கத்துச் சுப்பர்மார்க்கெட் எவ்வளவு தூரம், கோடையில் எத்தனை சுற்றுலாக் கரவன் வண்டி வந்துபோகும் என்றெல்லாம் கேட்கிறார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள். ஆனால் அந்த ஊரில் ஒருவர் செத்தால் கடைக்காரன் என்ன செய்யவேண்டும் என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. கேட்கமாட்டீர்கள் என்று தெரிந்தபடியால் நானே எழுதி வைக்கிறேன்.

முதலில் என்னைப் பற்றி. எழுதுவதற்கு எனக்குக் கூச்சம் இல்லை. பள்ளிக்கூடத்தில் அதிக காலம் இருந்தவர்களுக்குத்தான் அந்தக் கூச்சம் வரும். நான் யாழ்ப்பாணத்தில் ஏழாம் வகுப்போடு வெளியே வந்தவன். கொழும்பில் சில்லறைக்கடையில் மூட்டை தூக்கினேன். மெல்பேர்னுக்கு வந்து கோழி வெட்டும் தொழிற்சாலையில் குளிரில் நின்றேன். கை விறைத்துப்போன ஒரு நாளில், இனி ஒருவனுக்குக் கீழே நிற்பதில்லை என்று முடிவெடுத்து, வடக்கே கோதுமை விளையும் சமவெளியில் ஒரு கடையை வாங்கினேன். எனக்குத் தெரிய அந்தப் பக்கத்தில் கடை எடுத்த முதல் தமிழன் நான்தான். வேறு யாராவது தான்தான் முதல் என்று சொன்னால் என்னிடம் அனுப்புங்கள்.

ஊரின் பெயரை எழுதமாட்டேன். எழுதினால் நாளைக்கே நாலு பேர் போய் அங்கே கடைக்கு விலை கேட்பீர்கள். ஒரே ஒரு நீளமான தெரு. ஒரு முனையில் தானியக் களஞ்சியம், கோபுரம்போல. மறுமுனையில் போர் நினைவுக் கல். நடுவில் ஒரு மதுச்சாலை, ஒரு மண்டபம், என் கடை. முன்பு வங்கி இருந்ததாம், ரயில் நின்றதாம், பாற்கட்டிச் சாலைகூட இருந்ததாம். நான் போனபோது இவை எல்லாம் போய், பாண், பால், பத்திரிகை, ஐஸ், எரிவாயு, தூண்டில் புழு வரைக்கும் ஒரே கூரையின் கீழ் வைத்திருந்த அந்தக் கடை மட்டும் மிஞ்சியிருந்தது. அடுத்த சுப்பர்மார்க்கெட் காரில் முக்கால் மணித்தியாலம்.

கடையை எனக்கு விற்ற பெரியவர் றோட்டுக்கு எதிர்ப்பக்கம் தனியாக இருந்தார். விற்ற பிறகும் தினமும் காலையில் வருவார். கவுண்டரின் ஓரத்தில் அவருக்கென்று ஒரு முக்காலி. என் மனைவி போடும் இஞ்சித் தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டு, நான் அடுக்கிய அலுமாரியைப் பார்த்துத் தலையை ஆட்டுவார். தேவராசா என்ற என் பெயரை டேவ் ஆக்கியவரும் அவர்தான்; மறுநாள் முழு ஊருக்கும் நான் டேவ்.

வியாபாரம் அவர் எனக்குச் சொல்லித் தரவில்லை. அது எனக்குத் தெரியும். அவர் சொல்லித் தந்தது ஊரை. யாருடைய தாத்தா முதல் உலகப் போர் முடிந்து வந்து அரசாங்கம் கொடுத்த காணியில் கல் பொறுக்கிச் செத்தார், எந்த இரண்டு குடும்பம் வேலிக்காகப் பேசாமல் விட்டது, எந்த வருடம் வெள்ளம் வந்தது, எல்லாம் அந்த முக்காலியிலிருந்துதான். ஒருமுறை ஊரின் உதைபந்தாட்டக் கழகம் ஆள் போதாமல் பக்கத்து ஊர்க் கழகத்தோடு சேர்ந்தது. நல்ல செய்தி என்று நினைத்து, புதிய கழகத்தின் கொடியைக் கடை வாசலில் கட்டினேன். தங்கள் கழகம் போய்விட்ட துக்கத்தில் அன்று முழுக்க வந்தவர்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பெரியவர் வந்து, கதிரையில் ஏறித் தானே கொடியை அவிழ்த்தார். ஒரு வருடம் பொறு என்று மட்டும் சொன்னார். பொறுத்தேன். அடுத்த வருடம் அவர்களே கொண்டுவந்து கட்டினார்கள்.

அவரிடம் எனக்குப் பிடிக்காத ஒன்றும் இருந்தது. பெருமை பேசுவார். ஒரு கடையில் பெருமைக்காரர் இரண்டு பேர் இருந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நான் என் கதையைத் தொடங்கினால் அவர் வெள்ளக் கதையைத் தொடங்குவார். வெள்ளத்தின்போது விறாந்தைத் தூணில் படகைக் கட்டிவிட்டு யன்னலால் பால் கொடுத்தாராம். வயல்கள் தீப்பிடித்த கோடையில், புகையில் கண் தெரியாதபோதும், அவருடைய தகப்பன் கதவைத் திறந்து வைத்திருந்தாராம். முடிவில் எப்போதும் ஒரே வசனம்: "இந்தக் கடை ஒரு நாளும் பூட்டினதில்லை, டேவ்." அவர் பேசியது ஆங்கிலம்தான். என் தலைக்குள் அவர்களுடைய பேச்செல்லாம் எங்கள் பேச்சாகவே பதிந்திருக்கிறது, அப்படியே எழுதுகிறேன்.

ஒரு நவம்பர் கடைசியில், அறுவடை தொடங்கியிருந்த காலையில், முக்காலி வெறுமையாக இருந்தது. தேத்தண்ணி ஆறியது. றோட்டைக் கடந்து போய்ப் பார்த்தேன். கட்டிலில் ஒருபக்கம் சரிந்து, நித்திரை போலவே கிடந்தார். கால் குளிர்ந்திருந்தது. சிட்னியில் இருந்த அவருடைய மகள் ஆனுக்கு நான்தான் தொலைபேசி எடுத்துச் சொன்னேன். டொக்டர் வந்து போனார். பெரிய ஊரிலிருந்து வாகனம் வந்து உடலை ஏற்றிக்கொண்டு போனது.

அதன் பிறகு நான் என்ன செய்தேன் என்பதைக் கவனமாக வாசியுங்கள்.

இங்கே பிறந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் மதிப்பான ஒருவர் செத்தால், பிரேதம் எடுக்கும்வரை தெருவில் கடை திறக்கமாட்டார்கள். செத்தவீட்டில் அடுப்பு எரியாது. அயலவர்தான் சமைத்துக் கொண்டுவந்து கொடுப்பார்கள். பந்தல் போடுவது, ஆட்களுக்குச் சொல்வது, வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுப்பது எல்லாம் அயலவர் பொறுப்பு. வீட்டுக்காரர் குந்தியிருந்து அழுவதோடு சரி. தெருவின் இரண்டு பக்கமும் வெள்ளைக் கொடி கட்டுவார்கள், சாவு வீட்டுக்கு வழி கேட்காமல் வரலாம்.

அந்த மனிதருக்கு அந்த ஊரில் செத்தவீடு என்று சொல்ல ஒரு வீடு இல்லை. மனைவி முன்னமே செத்துப்போனா. மகள் சிட்னியில். பக்கத்தில் இருந்தது நாங்கள். ஆகவே எங்கள் வீட்டைச் செத்தவீடாக்கினேன். கடையைப் பூட்டி, பெரிய எழுத்தில் ஒரு மட்டை எழுதிக் கதவில் ஒட்டினேன்: இறுதிச் சடங்கு முடியும்வரை கடை திறக்கப்படமாட்டாது. மனைவியின் வெள்ளைப் படுக்கை விரிப்பைக் கிழித்து, விறாந்தைத் தூண்களிலிருந்து பெரியவர் வீட்டு வாசல் படலை வரைக்கும் கொடி கட்டினேன்.

மதுச்சாலை நடத்தும் டெரி கையில் துடைப்பத்தோடு வெளியே வந்து பார்த்தான்.

"டேவ், ஆரிட்டச் சரணடையிறாய்?"

பெரியவர் செத்ததைச் சொன்னேன். டெரி தொப்பியைக் கழற்றினான். பிறகு மட்டையை ஒருமுறை வாசித்துவிட்டு, சடங்கு எப்போது என்று கேட்டான். நாளைக்கு, மிஞ்சினால் நாளை மறுநாள் என்றேன். அவன் மட்டையை இன்னொருமுறை வாசித்துவிட்டு உள்ளே போனான்.

மெல்பேர்னில் எத்தனையோ செத்தவீட்டுக்குப் போனவன் நான். அங்கே கிழமைக் கணக்கில் பிந்தும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அது ஆஸ்பத்திரிக் கடுதாசியாலும் சுடலையில் வரிசை இருப்பதாலும் என்றே நினைத்திருந்தேன். இந்த ஊர்ச் சவக்காலையில் என்ன வரிசை? மனிதர் தன் கட்டிலில் வயதுக்குச் செத்தார், டொக்டர் கையெழுத்தும் வைத்தாயிற்று, இனி ஏன் வைத்திருக்கப் போகிறார்கள் என்பது என் கணக்கு.

பின்னேரம் ஆன் தொலைபேசியில் கூப்பிட்டா. சடங்கு அடுத்த கிழமைக்கு அடுத்த கிழமை, இரண்டு வாரம் தள்ளி. காரணம் அறுவடை. ஊர் ஆட்கள் எல்லோரும் விடிந்ததிலிருந்து இயந்திரத்தில் ஏறி நிற்கிறார்கள். இப்போது வைத்தால் பாதிப்பேர் வரமாட்டார்கள். அப்பாவின் சடங்குக்கு முழு ஊரும் வரவேண்டும், கடைசி வயல் முடியட்டும் என்றா. நல்ல யோசனை என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தேன்.

மனைவி குசினியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இஞ்சாருங்கோ, மட்டையிலை திகதி போட்டனீங்களோ?"

"இல்லை."

"அப்ப கழட்டுங்கோ. பெரியவருக்கு ஒரு நாள் பூட்டினது காணும்."

"ஊர் முழுக்க வாசிச்சுப்போட்டுது. முடியும்வரை எண்டு எழுதினது நான்."

"உங்களுக்கு எழுத ஆர் சொன்னது?" என்றுவிட்டு, கொஞ்சம் பொறுத்து, மெதுவாகக் கேட்டாள்: "பின் கதவாலை எண்டாலும் குடுப்பமே?"

அந்த யோசனை எனக்கும் வந்ததுதான். வியாபாரிக்கு வராமல் இருக்குமா? ஆனால் செத்தவருக்காக முன் கதவைப் பூட்டிவிட்டு, காசுக்காகப் பின் கதவைத் திறப்பதா? அதைவிட மட்டையைக் கழற்றி எறியலாம். இரண்டையும் நான் செய்யவில்லை.

பிள்ளைகளே, அறுவடை என்றால் அந்தக் கடைக்கு என்னவென்று தெரியவேண்டும். வருடம் முழுக்கச் சோம்பிக் கிடக்கும் கடை அந்தக் கிழமைகளில்தான் நிமிரும். இயந்திரத்தில் நிற்கிறவனுக்கு ஐஸ் வேண்டும், சொசேஜ் ரோல் வேண்டும், குளிர்பானம், கையுறை, பற்றரி எல்லாம் வேண்டும். வெளியூரிலிருந்து லொறிச் சாரதிகள் வருவார்கள். அந்த நேரத்தில் நான் பூட்டி வைத்திருக்கிறேன்.

முதல் நாள் வந்தவர்கள் மட்டையை வாசித்து, தலையைக் குனிந்து, போனார்கள். இரண்டாம் நாள் கண்ணாடியில் கையை வைத்து உள்ளே எட்டிப் பார்த்தார்கள். ஊரின் முகநூல் பக்கத்தில் யாரோ மட்டையின் படத்தைப் போட்டு, கீழே ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருந்தார்கள். அதற்கடுத்த நாள் மதுச்சாலைக்கு முன்னால் நின்ற வாகனம் ஒன்றின் பின்பக்கத்தில் சுப்பர்மார்க்கெட் பைகளைக் கண்டேன். நான் கணக்குப் போடத் தொடங்கியது அப்போதுதான். முக்கால் மணித்தியாலம் ஓடிப் பழகினவன் ஒருமுறையோடு நிறுத்தமாட்டான். அங்கே விலையும் குறைவு. அந்தக் கடையில் இருந்தது கோழித் தொழிற்சாலையில் நான் விறைத்த வருடங்கள் எல்லாம். மகனின் படிப்பும் அதற்குள்தான். அறுவடை முடிந்து கதவைத் திறக்கும்போது உள்ளே வர ஆள் இருக்குமா என்று யோசித்துக்கொண்டு, வெள்ளைக் கொடிகளுக்குக் கீழே மேலும் கீழும் நடந்தேன்.

நாலாம் நாள் காலையில் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். மண்டபக் குழுவின் தலைவி மார்கிரட் முன்னால் நின்றா. எழுபதைத் தாண்டினவ, ஊரில் கல்யாணம், கருமாதி, பிறந்தநாள் எதுவும் அவவுடைய கையால் போகாமல் நடக்காது. பின்னால் டெரி. அவனுக்குப் பக்கத்தில், முன்னிரவுதான் சிட்னியிலிருந்து வந்து சேர்ந்திருந்த ஆன்.

மார்கிரட்டின் கையில் மூடிய சட்டி. உருளைக்கிழங்கும் மாட்டிறைச்சியும். எனக்கு ஏதோ வருத்தம் வந்து படுத்துவிட்டேன் என்று ஊரில் கதை பரவியிருக்கிறது. மனைவி நன்றி சொல்லி வாங்கிக் குளிர்பெட்டியில் வைத்தாள். செத்தவீடு முடியும்வரை நாங்கள் மரக்கறி மட்டும்தான் என்று விளங்கப்படுத்த அது நேரம் இல்லை.

ஆன் கதிரையில் இருக்கவில்லை. நின்றபடியே பேசினா.

"அம்மாவை அடக்கம் செய்த அண்டைக்குக்கூட அப்பா கடை திறந்தவர். விடியப் பாலும் பாணும் குடுத்துப்போட்டுத்தான் தேவாலயத்துக்கு வந்தவர். அதுக்காக எத்தனையோ வருசம் நான் அவரோட கோவிச்சுக்கொண்டு இருந்தனான். இப்ப அவர் போன அண்டைக்கே நீங்கள் பூட்டிப்போட்டியள். ஏன்?"

எனக்குத் தலையில் தண்ணீர் ஊற்றினதுபோல இருந்தது. ஒரு நாளும் பூட்டினதில்லை என்று அவர் நூறு தரம் சொன்னதை, ஒரு பெருமைக்காரனின் பெருமை என்று நான் எடுத்திருந்தேன். உயிரோடு இருக்கும்போது அவர் சொல்படி திறந்தேன், செத்தபிறகு எங்கள் முறைப்படி பூட்டுகிறேன் என்பது என் நியாயம். மரியாதை செய்கிறேன் என்று நினைத்து, அந்த மனிதர் வாழ்நாள் முழுக்கக் காத்த ஒன்றை அவருடைய பெயரைச் சொல்லியே உடைத்துவிட்டேன். எனக்கு முன்னால் அவருடைய மகள் நிற்கிறா.

இப்படியான நேரத்தில் பிள்ளைகளே, மன்னிப்புக் கேட்டுத் தப்பிவிடவேண்டும் என்றுதான் வாய் வரும். கேட்கவேண்டாம். முதலில் நீங்கள் செய்தது என்ன, ஏன் செய்தீர்கள் என்று முழுவதையும் சொல்லுங்கள். என் ஆங்கிலம் பெட்டி தூக்கும் ஆங்கிலம். அதை வைத்துக்கொண்டே சொன்னேன். செத்தவீட்டில் அடுப்பு எரியாததைச் சொன்னேன். அயலவர் சமைத்துக் கொண்டுவருவதைச் சொன்னபோது மார்கிரட் குளிர்பெட்டிப் பக்கம் ஒருமுறை பார்த்தா. வெள்ளைக் கொடி ஏன் என்று சொன்னேன். கடைசியில் ஆனிடம் சொன்னேன்: "உங்கட அப்பாவுக்கு இஞ்ச செத்தவீடு இல்லாமல் போயிடும் எண்டு பயந்தன். அதுதான் எங்கட வீட்டைச் செத்தவீடாக்கினன்."

ஆன் அப்போதுதான் கதிரையில் இருந்தா. டெரி யன்னலால் வெளியே பார்த்துக்கொண்டு நின்றான்.

மார்கிரட் மட்டும் யோசித்துக்கொண்டிருந்தா. மண்டபத்தில் கதிரை அடுக்குவதைப் பற்றி யோசிப்பதுபோல.

"பொறு டேவ். செத்தவீட்டுக்காரர் வேலை செய்யக்கூடாது?"

"கூடாது."

"அயலட்டை ஆக்கள் செய்யலாம்?"

"அவைதான் செய்யவேணும்."

"அப்ப கடை திறக்கக்கூடாது எண்டில்லை. நீ திறக்கக்கூடாது." கையை நீட்டினா. "சாவி."

எங்கள் ஊரில் கடையையே பூட்டுவார்கள், அயலவர் வந்து திறந்து வியாபாரம் பார்க்கும் வழக்கம் இல்லை என்று சொல்லலாம்தான். ஆனால் எங்கள் ஊரில் அறுவடைக்காகப் பிரேதம் காத்துக்கொண்டிருப்பதும் இல்லை. முறை என்பதை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து இன்னொரு மண்ணில் வைத்தால் நிற்காது, கொஞ்சம் கிண்டி, தண்ணீர் விட்டுத்தான் வைக்கவேண்டும். இது எனக்கு அந்த நிமிடத்தில் விளங்கியது என்று சொன்னால் பொய். அந்த நிமிடத்தில் நான் நினைத்தது காசு வைக்கும் லாச்சியையும் சிகரெட் அலுமாரியையும்தான். அந்தச் சாவியை நான் ஒருவரிடமும் கொடுத்ததில்லை. மனைவியின் தம்பி வந்து ஒரு மாதம் நின்றபோதுகூடக் கொடுக்கவில்லை. அதற்காக அவன் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

மனைவி அதற்கிடையில் ஆணியிலிருந்து சாவியைக் கழற்றிவிட்டாள்.

"குடுங்கோ. நீங்கள் யோசிச்சு முடிக்கப் பால் திரைஞ்சு போம்."

வாங்கி மார்கிரட்டின் கையில் வைத்தேன். கோழித் தொழிற்சாலையை விட்டதும், கடையை வாங்கியதும், இவளைக் கட்டியதும் என்று என் வாழ்க்கையில் நான் எடுத்த நல்ல முடிவுகள் பல. இதையும் அதில் சேர்த்துக்கொள்கிறேன், பாதியை மனைவி எடுத்தாள் என்றாலும்.

அரை மணித்தியாலத்தில் கடை திறந்தது. மட்டையை அவர்கள் கழற்றவில்லை. கடை திறக்கப்படமாட்டாது என்பதற்குக் கீழே மார்கிரட் தன் கையெழுத்தில் எழுதினா: டேவால். அயலவர்கள் திறந்திருக்கிறோம், உள்ளே வாருங்கள்.

அதன் பிறகு நான் பட்டபாடு எனக்குத்தான் தெரியும். வீடு கடைக்குப் பின்னால். கதவு திறக்கும்போது அடிக்கும் மணி எனக்குக் கேட்கும். ஒவ்வொரு மணிக்கும் எழும்பி, திரும்பவும் இருப்பேன். காலையில் மண்டபக் குழுப் பெண்கள், மத்தியானம் டெரி, பின்னேரம் வயலிலிருந்து வந்த யாராவது. உதைபந்தாட்டக் கழகம் சேர்ந்ததிலிருந்து முகம் பார்க்காத இரண்டு பேர் ஒரே நேரத்துக்கு வந்துவிட்டார்களாம்; ஒருவன் பாணை அடுக்க, மற்றவன் காசு வாங்க, வாய் திறக்காமலே ஒரு பின்னேரம் முழுக்க நின்றார்களாம். டெரி இதை வேலிக்கு மேலால் சொன்னான். ஒருமுறை என் மிளகாய்த்தூள் பொட்டலத்தைத் தூக்கிக் காட்டி, இது என்ன விலை என்று கேட்டவன், உடனே நாக்கைக் கடித்து, "ஐயோ, நீ வேலை செய்யக்கூடாது, மறுமொழி சொல்லாதே" என்று போய்விட்டான். விலையைச் சொல்லமுடியாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பிறகு கேள்விப்பட்டேன், அதை அவன் யாருக்கோ சும்மா கொடுத்துவிட்டான்.

மார்கிரட் என் அலுமாரிகளை மாற்றி அடுக்கினா. ஐஸ் பெட்டியைக் கதவோரம் இழுத்தா. தீப்பெட்டியைச் சிகரெட்டுக்குப் பக்கத்தில் வைக்காமல் மெழுகுதிரிக்குப் பக்கத்தில் வைத்தா. நான் அடுக்கியதில் ஒரு ஒழுங்கு இருந்தது. அவ அடுக்கியதில் விற்பனை இருந்தது. பிறகு நான் அதை மாற்றவே இல்லை, என் யோசனை என்றுதான் எல்லோருக்கும் சொல்லி வந்தேன். மார்கிரட்டும் மறுத்துச் சொல்லவில்லை.

வேலை இல்லாமல் இருந்த அந்த நாட்களில் பெரியவரின் வீட்டு விறாந்தையில்தான் பொழுது போனது. ஆன் உள்ளே அப்பாவின் உடுப்புகளை எடுத்து மடித்துக்கொண்டிருப்பா. இடையில் வந்து பக்கத்தில் இருப்பா. முக்காலிக் கதைகள் எல்லாவற்றையும் நான் அவவுக்குச் சொன்னேன். பாதி அவவுக்குத் தெரியாது. பதினாறு வயதில் ஊரை விட்டுப் போனவ. படகைத் தூணில் கட்டிப் பால் கொடுத்த கதையைச் சொன்னபோது, யார் வீட்டுப் பிள்ளைக்கு முதல் பால் என்று அவர் சொன்னார் எனக் கேட்டா. எனக்குத் தெரியவில்லை. அப்போது உயிரோடு இருந்தவர்களில் மிஞ்சியது மார்கிரட், போய்க் கேட்டோம். "என்ர தம்பிக்கு" என்றா மார்கிரட், காசு லாச்சியைச் சாத்திக்கொண்டே.

அதுவரைக்கும் நான் நினைத்தது, கடையைத் திறந்து வைத்திருந்தது பெரியவரின் பிடிவாதம் என்று. உண்மையில் ஊர்தான் அந்தக் கடையைப் பூட்ட விடவில்லை. வெள்ளத்தில் பாலைச் சுமந்து கொண்டுவந்தவர்கள் யார்? படகு யாருடையது? தீ வந்தபோது கூரைக்குத் தண்ணீர் அடித்தவர்கள் யார்? அவர் கதையில் இவர்கள் ஒருவரும் வரமாட்டார்கள். என்னைப்போலப் பெருமைக்கார இனம்தானே, தன்னைத்தான் சொல்லுவான். நானும் இந்த வயது வரை என் கதையை அப்படித்தான் சொல்லி வந்தேன், தனியாக வந்தேன், தனியாக ஏறினேன் என்று. உங்களில் பலருக்கும் சொல்லியிருப்பேன். அதில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

கடைசி வயலும் முடிந்தது. சடங்கு அன்று முழு ஊரும் கறுப்பில் வந்தது. நான் வெள்ளைச் சேர்ட் போட்டேன். எங்களுக்கு அதுதான் துக்க நிறம் என்று ஆனிடம் முதலே சொல்லிக் கேட்டுவிட்டேன். தேவாலயத்தில் பின் வரிசை வாங்கில் இருந்தேன். பாட்டு முடிந்து பெட்டியைத் தூக்கும் நேரம் ஆன் திரும்பி, கூட்டத்துக்குள் என்னைத் தேடி, கையைக் காட்டினா. பெட்டியின் முன்பக்கப் பிடி எனக்கு, இடது கை. மற்றப் பக்கம் டெரி. எத்தனையோ மூட்டை தூக்கின கை இது, சொன்னேனே. அந்தப் பாரத்தை டெரியின் அடிக்கு அடி வைத்து வாசல்வரை கொண்டுபோனேன்.

வாகனம் தெரு வழியே மெதுவாகப் போனது. கடை வாசலில் நிறுத்தினார்கள். உள்ளே ஒருவன் பால் வாங்கிக்கொண்டு நின்றான். கவுண்டருக்குப் பின்னால் மண்டபக் குழுப் பெண் ஒருத்தி நின்றா. இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள், கதவு அகலத் திறந்தபடி. பிறகு வாகனம் நகர்ந்தது.

சவக்காலையிலிருந்து வந்து, முறைப்படி தலைக்குக் குளித்தேன். சுத்தமான உடுப்புப் போட்டேன். மண்டபத்தில் தேத்தண்ணி முடிந்து ஆட்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். நான் நேரே கடைக்குப் போனேன். மார்கிரட் சடங்குக்கு உடுத்த கறுப்பு உடுப்போடேயே கவுண்டருக்குப் பின்னால் நின்றா. முன்னால் மூன்று நாலு பேர் வரிசை. நான் பக்கத்தால் உள்ளே போகப் பார்த்தேன்.

"எங்க போறாய்?"

"பிரேதம் எடுத்தாச்சு. குளிச்சிட்டன். இனி நான் நிக்கலாம்."

"உங்கட ஊரில எடுத்த அண்டைக்கே வேலைக்குப் போவினமோ?"

"அயலவர் போகலாம்."

"வீட்டுக்காரர்?"

பொய் சொல்லியிருக்கலாம். அங்கே யாருக்கு எங்கள் முறை தெரியும்? வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எடுத்து எட்டாம் நாள் சடங்கு முடியும்வரை போகமாட்டினம்," என்றேன்.

மார்கிரட் குளிர்பெட்டியைத் திறந்து, ஒரு போத்தல் பாலை எடுத்து, கவுண்டருக்கு மேலால் என் பக்கம் தள்ளினா.

"உன்ர வீட்டில சாவு நடந்திருக்கு, டேவ். வீட்டை போ."

அடுத்த ஆள் என்று என் தோளுக்கு மேலால் கூப்பிட்டா. நான் பாலை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.